சோழமண்டலத்தில் அம்மா லக்னம் தேடிய ஓவியம்

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலை (ஈசிஆர்) ஓரமாகவே இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குப் போன வாரம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். நவீன ஓவியம் என்றாலே "நமக்கு என்ன புரியப்போகுது" என்பவர் அம்மா. அவரோடு போனதால்தான் இந்த முறை எனக்கே நிறைய புரிந்தது.

அங்கிருக்கும் மியூசியத்தில், இந்தக் கிராமம் உருவாகக் காரணமான ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் 'வார்த்தைகளும் குறியீடுகளும்' வரிசை ஓவியம் ஒன்றின் முன்னால் அம்மா அப்படியே நின்றுவிட்டார். ராசிக் கட்டம் மாதிரி கோடுகள், சுற்றிலும் பொடிப்பொடியாக எழுத்து, நடுவில் அங்கங்கே சின்னச் சின்ன உருவங்கள். "இது யாரோட ஜாதகம்?" என்று கேட்டு, லக்னம் எங்கே போட்டிருக்கிறது என்று கட்டம் கட்டமாகத் தேட ஆரம்பித்தார். எழுத்து மலையாளம்போல இருக்கும், படிக்கப்போனால் ஒரு சொல்லும் ஆகாது. பணிக்கர் 1963 வாக்கில் தொடங்கிய வரிசை இது. கட்டம் பார்த்தே வளர்ந்த கண்ணுக்கு அது உடனே பழக்கமான பொருளாகிவிடுகிறது, ஆனால் பலன் மட்டும் சொல்லமாட்டேன் என்கிறது. நம் வாழ்க்கையை ஏதோ ஒன்று எழுதி வைத்திருக்கிறது, அதை முழுசாகப் படிக்க நமக்கு வராது என்கிற அந்த உணர்வு, எந்த விளக்கமும் இல்லாமல் அம்மாவுக்குக் கிடைத்துவிட்டது. எனக்கு இதுதான் ஆன்மிகம். பணிக்கர் அப்படி நினைத்து வரைந்தாரா என்பது வேறு கேள்வி, ஜாதகக் கட்டம் அவருக்கு முதலில் நம் மண்ணுக்கே உரிய ஒரு வடிவமாகத்தான் பட்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

அங்கே சிற்பி பி.வி. ஜானகிராமின் செப்புத் தகட்டுச் சிற்பங்களை அவசரமில்லாமல் பாருங்கள். தகட்டைத் தட்டித் தட்டி முகம் எடுத்து, மேலே கம்பிகளைப் பற்றவைத்து நகை மாதிரி இழைத்திருப்பார். எல்லாமே முன்பக்கமிருந்து பார்க்கத்தான். "சாமிக்குக் கவசம் சாத்தின மாதிரி இருக்கு" என்றார் அம்மா. சரியான பேச்சு! கவசத்தைக் கும்பிடும்போது உள்ளே மூர்த்தி இருக்கிறது என்று நமக்குத் தெரியும். இங்கே உள்ளே யாரும் இல்லை, தகடு மட்டும்தான், இருந்தும் கை கூப்பத் தோன்றுகிறது. ஏன் என்று வீடு வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முன்பு வேறொரு ஓவியக் கேலரியில் (பெயர் வேண்டாம்) சுற்றிக்காட்டியவர் முக்கோணத்தைக் கண்டால் சக்தி, வட்டத்தைக் கண்டால் பிந்து, சிவப்பு என்றால் குண்டலினி என்று அடுக்கிக்கொண்டே போனார். அன்றைக்கு ஒரு ஓவியத்தைக்கூட நான் பார்க்கவில்லை, அவர் பேச்சைத்தான் கேட்டேன். ஓவியர் கே.வி. ஹரிதாசன்போல, பூஜைக்கு வைக்கும் யந்திரத்தின் வடிவத்தை எடுத்தே வரைந்தவர்களுக்கு அந்தச் சொற்கள் பொருந்தும். எல்லோர் மேலும் ஒட்டினால் ஓவியம் மறைந்துவிடும். முதலில் கோடு, நிறம், தகட்டில் விழுந்த சுத்தியல் தடம், அதெல்லாம் கண்ணில் ஏறட்டும். அப்புறம் அர்த்தம் தானாக வரும், வராவிட்டாலும் பரவாயில்லை.

இடத்தைப் பற்றி: சென்னை ஓவியக் கல்லூரி முதல்வராக இருந்த பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் 1966-இல், பாத்திக் (மெழுகு வைத்துச் சாயமேற்றும் துணி) மாதிரி கைவினைப் பொருள்களை விற்ற காசில் நிலம் வாங்கி உண்டாக்கிய கிராமம். மியூசியம் 2009-இல் வந்தது. சென்னையில் இருந்துகொண்டு ஒருமுறைகூட இங்கே போகாதவர்கள் எவ்வளவு பேர் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

குறைந்தது ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வெளியே மரத்தடியிலும் சிற்பங்கள் இருக்கின்றன, அதனால் வெயில் ஏறும் முன் போய்விடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் கூட்டிப்போங்கள், ஓவியத்தின் முன்னால் நின்று அவர்கள் பேசுவதைக் குறுக்கே பேசாமல் கேளுங்கள்.