ஒழுகாத கூரைக்கு இரண்டு முறை பணம் கொடுத்தேன்

கோத்தகிரியில் எங்கள் வீட்டுத் தோட்டத்தின் மூலையில், புல்வெட்டும் இயந்திரத்தையும் கவாத்துக் கத்தரிகளையும் உர மூட்டைகளையும் வைப்பதற்காகப் பத்தடிக்கு எட்டடியில் ஒரு தகர ஷெட் போட்டுத் தருமாறு, சமவெளியிலிருந்து வந்து வேலை எடுக்கும் ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். மலைப் பகுதியில் தகர ஷெட் போட நினைப்பவர்கள் என் அனுபவத்தைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது நல்லது.

ஐப்பசியில் வேலை முடிந்தது. கார்த்திகை பிறந்ததும், காலையில் கதவைத் திறந்தால் கூரையின் அடிப்புறம் முழுவதும் முத்து முத்தாக நீர் கோத்திருக்கும். உள்ளே நீட்டிக்கொண்டிருந்த ஸ்க்ரூ நுனி ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு தொங்கும். பிரித்து வைத்த யூரியா மூட்டை கல்லாக இறுகியது. கத்தரியின் வில்லில் செந்துரு படர்ந்தது. ஒப்பந்தக்காரர் வந்து பார்த்து, ஸ்க்ரூ வாஷர் வழியாக மழைநீர் இறங்குகிறது என்று சொல்லி, சிலிக்கான் பூசி 3,500 ரூபாய் வாங்கினார். நிற்கவில்லை. மறுபடியும் வந்து அதே தொகையை வாங்கிக்கொண்டதோடு, சுவருக்கும் கூரைக்கும் நடுவே இருந்த இடைவெளியையும் ஃபோம் அடித்து அடைத்துவிட்டார். அதன் பிறகு சொட்டு இரட்டிப்பானது.

மழை கொட்டிய இரவுகளைவிட, வானம் தெளிந்து நட்சத்திரம் தெரிந்த இரவுகளில்தான் அதிகமாகச் சொட்டுகிறது என்பதைக் கவனித்த பிறகே எனக்கு விஷயம் விளங்கியது. கூரை ஒழுகவில்லை, வியர்த்தது. மேகமில்லாத இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. 15 டிகிரியில் 90 சதவீத ஈரப்பதம் உள்ள காற்று, ஏறத்தாழ 13 டிகிரிக்குக் குளிர்ந்த தகரத்தைத் தொட்டாலே நீராகிவிடும். அந்த ஈரக் காற்று வெளியேறுவதற்கு இருந்த ஒரே வழியைத்தான் நான் பணம் கொடுத்து அடைத்திருக்கிறேன்.

உள்ளே அவ்வளவு ஈரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க, ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து, நான்கு ஓரங்களையும் டேப் போட்டு ஒட்டினேன். மறுநாள் காலையில் தாளின் அடிப்புறம் நனைந்து, கான்கிரீட் கருத்திருந்தது. புதுக் கான்கிரீட் சில மாதங்கள் ஈரம் விடத்தான் செய்யும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னது உண்மைதான் என்பதால், அதை மட்டும் வைத்துக் குற்றம் சொல்ல நான் விரும்பவில்லை. தளத்தின் ஓரத்தை மண்வெட்டியால் தோண்டிப் பார்த்தேன். மண்ணின் ஈரம் மேலேறாமல் தடுக்க, கொட்டேஷனில் ‘தளத்துக்கு அடியில் பாலித்தீன் விரிப்பு’ என்று தனி வரியாகப் போட்டுப் பணம் வாங்கியிருந்தவர், நான் தோண்டிய இரண்டு இடங்களிலும் மண்ணின் மேல் நேரடியாகக் கான்கிரீட்டைக் கொட்டியிருந்தார். படம் எடுத்து அனுப்பியதற்கு, இரவில் மண்ணெண்ணெய் அடுப்பை உள்ளே எரியவிட்டால் காய்ந்துவிடும் என்று பதில் வந்தது. மூடிய இடத்தில் அது உயிருக்கே ஆபத்து. தவிர, ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் ஆவியாகி அதே ஷெட்டுக்குள்தான் சேரும். அதன் பிறகு அவர் என் அழைப்பை எடுக்கவில்லை.

உள்ளூர் வெல்டர் ஒருவர்தான் ஃபோமைச் சுரண்டி எடுத்து, எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றைத் தாழ்வாகவும் ஒன்றை உயரமாகவும் வெட்டி, வலை அடித்த காற்றுத் துளைகள் வைத்துக் கொடுத்தார். கூரையின் அடியில் 25 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட்டை ஒட்டி, மூட்டுகளில் அலுமினிய டேப் ஒட்டினோம். இடுக்கு விட்டால் ஈரக் காற்று அதன் வழியே போய்த் தகரத்தைத் தொட்டுவிடும். தரையில் கனமான பாலித்தீன் விரித்து, மூட்டைகளை மரப் பலகை மேல், சுவரை ஒட்டாமல் அடுக்கியிருக்கிறேன்.

இப்போது கதவுக்கு மேலே ஷீட் எட்டாமல் போன நான்கு விரல் அகலத் தகரத்தில் மட்டும், தெளிந்த இரவுக்கு மறுநாள் காலையில் ஒரு வரிசைச் சொட்டு நிற்கிறது.