பிளேட்டா, வளையும் கம்பியா?
முன்கை எலும்பு முறிந்து, கவனிக்காமல் கோணலாகச் சேர்ந்துவிட்ட பிள்ளைக்கு அறுவை சிகிச்சையில் இந்த இரண்டும்தான் வழக்கமாகப் பேசப்படும்: பிளேட் என்பது எலும்பின் மேல் திருகாணியால் இறுக்கும் உலோகப் பட்டை; கம்பி எலும்புக்குள்ளே செலுத்துவது.

பிரான்சின் நான்சி நகர மருத்துவர்கள் பரவலாக்கிய டைட்டானியம் கம்பிக்குச் சின்னக் கீறல் போதும்; தசை அதிகம் புண்படாது. புது முறிவுக்கு அருமை. ஆனால் பழைய முறிவில், கோணலை வெட்டி நிமிர்த்தப் பெரும்பாலும் திறந்துதான் ஆகவேண்டும். பாதி லாபம் அங்கேயே போய்விடும். அப்புறம் சில வாரம் மாவுக்கட்டும் தேவைப்பட்டால் தசை இன்னும் மெலியும்.

பிளேட்டுக்கு நீளத் தழும்பு விழும், பின்னால் கழற்றுவதும் பெரிய வேலை. இருந்தாலும் பிடிப்பு உறுதி. விரலையும் மணிக்கட்டையும் சீக்கிரம் அசைக்கலாம். பழைய முறிவென்றால் என் ஓட்டு இதற்கே.

எதை வைத்தாலும், உள்ளங்கையை மேலும் கீழும் திருப்புவது இழுத்தடிக்கலாம். தட்டை ஏந்தச் சொல்லிப் பாருங்கள்: உள்ளங்கை மேல்நோக்கித் திரும்பாவிட்டால், பிள்ளை முழங்கையை உடம்போடு இழுத்து, தோளைச் சாய்த்துச் சமாளிக்கும்.