ரெசினா, சிலிக்காவா?

பொரித்து மிஞ்சிய எண்ணெயிலிருக்கும் கொழுப்பு அமிலத்தை மெத்தனாலோடு சேர்த்து, பயோடீசலாகப் பயன்படும் எஸ்டராக்கக் கந்தக அமிலமே போதும்; பிறகு அதைக் கழுவி நீக்குவதுதான் தலைவலி. அந்தத் தொல்லையில்லாத திட வினையூக்கிகள் இரண்டு.

ஆம்பர்லிஸ்ட்-15 கடையில் கிடைக்கும், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆன ரெசின். கசகசா போன்ற மணிகள், கிராமுக்கு சுமார் 4.7 மில்லிமோல் அமிலம். வடிகட்டுவது எளிது. ஆனால் 120 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. மெத்தனாலில் ஊறி உப்பினால்தான் உள்ளிருக்கும் அமிலம் வேலைக்கு வரும்.

நுண்துளைகள் நிறைந்த எஸ்பிஏ-15 சிலிக்கா 1998இல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உருவானது. தயோல் (கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த தொகுதி) கொண்ட சிலேன் என்ற சிலிக்கான் சேர்மத்தை அதன் துளைச் சுவரில் பிணைத்து, ஹைட்ரஜன் பெராக்சைடால் ஆக்சிஜனேற்றினால் தயோல் சல்போனிக் அமிலமாகும்; வினையை ஊக்குவது இதுதான். கையில் வருவது மாவு போன்ற வெள்ளைத் தூள். வடிதாளை அடைத்துக்கொண்டு பொறுமையைச் சோதிக்கும். அமிலமோ கிராமுக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல்தான்.

எண்ணிக்கையைப் பார்த்து ஏமாறக் கூடாது. தேன்கூடு போன்ற சிலிக்காவின் துளைகள் உப்பக் காத்திருப்பதில்லை. சில நானோமீட்டர் அகலத்தில் எப்போதும் திறந்தே இருப்பதால் நீண்ட கொழுப்பு அமிலமும் தாராளமாக நுழையும். அதன் எதிரி வெந்நீர்: சிலிக்காச் சுவரையே மெல்ல அரித்துவிடும்.

மெத்தனால் கொதிக்கும் 65 டிகிரியிலேயே வேலை முடியுமென்றால் நான் ரெசினைத்தான் எடுப்பேன். வெப்பம் 120ஐத் தாண்டினால் சிலிக்கா.