கேட்காமலே ஓடும் புரோகிராம்களை எந்த வழியில் நிறுத்தலாம்?

தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கம் நான் போய்ப் பார்க்கிற வீடுகளில் கம்ப்யூட்டர் என்றால் ஒன்றுதான் இருக்கும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது, இல்லாவிட்டால் பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க். அதில்தான் அக்கா ஜிஎஸ்டி ஃபைல் பண்ணுவார், தம்பி காலேஜ் பிராஜெக்ட் முடிப்பான், அப்பா ரயில் டிக்கெட் போடுவார். "ஆன் பண்ணிட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் சுத்திக்கிட்டே இருக்குண்ணா" என்று ஒருவராவது சொல்லிவிடுவார். பாதிக் காரணம், யாரும் திறக்காத புரோகிராம்கள் விண்டோஸோடு சேர்ந்து தானாக எழுந்து பேக்ரவுண்டில் உட்கார்ந்துகொள்வது.

நிறுத்துவதற்கு வழிகள் நிறைய உண்டு, யூடியூபில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது அதிகம் நிறுத்துகிறது என்று நான் பார்ப்பதில்லை. நிறுத்தியதை வீட்டில் இருக்கும் இன்னொருவர், நாம் பக்கத்தில் இல்லாதபோதும், திரும்ப ஓட வைக்க முடியுமா என்றுதான் பார்க்கிறேன். ஒரே மெஷினை வீடே நம்பியிருக்கும்போது அதுதான் முக்கியம்.

அந்தக் கணக்கில் முதலிடம், எதெல்லாம் ஓடுகிறது என்று காட்டும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜருக்கு. கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வந்துவிடும். அதில் ஸ்டார்ட்அப் பகுதிக்குப் போங்கள். விண்டோஸ் 8 முதல் இது அங்கேதான் இருக்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் 'ஸ்டார்ட்அப் இம்பாக்ட்' என்று ஹை, மீடியம், லோ போட்டிருக்கும். இது குத்துமதிப்பு இல்லை. எழும்போது பிராசஸரில் ஒரு விநாடிக்கு மேல் எடுத்தாலோ, டிஸ்க்கில் 3 எம்பிக்கு மேல் படித்து எழுதினாலோ அது ஹை. ஆகவே ஹை என்று இருப்பதிலிருந்து ஆரம்பியுங்கள். ரைட் கிளிக், டிசேபிள், அவ்வளவுதான். வேண்டுமென்றால் அதே இடத்தில் எனேபிள். பெயர் பட்டியலிலேயே இருப்பதால் யார் வந்தாலும் எது அணைந்திருக்கிறது என்று தெரியும்.

காலடிப்பேட்டையில் ஒரு வீட்டுப் பட்டியல் இப்படி இருந்தது: இரண்டு கேம் லாஞ்சர், மீட்டிங் ஆப் ஒன்று, அந்த வீட்டிலேயே இல்லாத ஒரு பிரிண்டரின் உதவி புரோகிராம், கிளவுட் சேமிப்பு, தமிழில் தட்டச்சு செய்ய உதவும் என்ஹெச்எம் ரைட்டர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கான (பென்டிரைவ் போலச் செருகுவது) மென்பொருள். முதல் நான்கையும் கேள்வியே இல்லாமல் அணைக்கலாம். கிளவுட் சேமிப்பைக் கேட்டுவிட்டு அணைக்க வேண்டும், ஏனென்றால் யாருடைய போட்டோவாவது அதன் வழியாகத்தான் பேக்கப் ஆகிக்கொண்டிருக்கும். கடைசி இரண்டையும் தொடக்கூடாது. என்ஹெச்எம் ரைட்டரோ அழகியோ ஓடாவிட்டால் கீபோர்டில் தட்டுவது தமிழாக வராது. டோக்கன் மென்பொருள் இல்லாவிட்டால் ஜிஎஸ்டி ஃபைல் பண்ணும் கடைசி நாளில் கையெழுத்து போட முடியாது. இன்டர்நெட்டில் கிடைக்கும் 'இதையெல்லாம் அணையுங்கள்' பட்டியல்கள் இந்த இரண்டையும் தொடாதே என்று எச்சரிப்பதில்லை. அவை நம் வீடுகளை மனதில் வைத்து எழுதப்பட்டவை அல்ல.

அணைத்த பிறகு ஷட்டவுன் போட்டுச் சோதிக்காதீர்கள், ரீஸ்டார்ட் போடுங்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் ஆனில் இருந்தால் ஷட்டவுன் முழுதாக அணைப்பதில்லை. விண்டோஸின் உட்கருவை டிஸ்க்கில் சேமித்து வைத்து, மறுபடி ஆன் செய்யும்போது அதையே எடுத்துப் போடுகிறது. சுத்தமாக முதலிலிருந்து தொடங்குவது ரீஸ்டார்ட்டில்தான்.

டாஸ்க் மேனேஜரின் குறை, அதன் கண்ணில் எல்லாம் படாது என்பது. குரோமை மூடிய பின்னும் அதன் சில பகுதிகள் ஓடலாம். அதற்கான சுவிட்ச் குரோமின் செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதியில் இருக்கிறது. எட்ஜில் 'ஸ்டார்ட்அப் பூஸ்ட்' என்று ஒன்று உண்டு, அதையும் அதன் செட்டிங்ஸில்தான் அணைக்க வேண்டும். எனக்கு இந்த வழி மிகவும் பிடிக்கும். ஒரு ஆப் தன் செட்டிங்ஸிலேயே 'தானாகத் தொடங்காதே' என்று வைத்திருந்தால் அதை அங்கேயே அணைத்துவிடுவது நல்லது. வெளியிலிருந்து அணைத்ததைச் சில ஆப்கள் அடுத்த அப்டேட்டில் மறுபடி போட்டுக்கொள்ளும்.

செகண்ட் ஹேண்ட் மெஷின் வாங்கியவர்களுக்கு இன்னொன்று. முன்பு ஏதோ ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர் என்றால், தூரத்திலிருந்து இயக்கும் ரிமோட் மென்பொருள் உள்ளேயே இருக்க வாய்ப்புண்டு. அதை டிசேபிள் செய்தால் போதாது, அன்இன்ஸ்டால்தான். இன்னும் நல்லது, வாங்கியவுடன் விண்டோஸைப் புதிதாகப் போட்டுவிடுவது. திரும்ப வர வழி வேண்டும் என்று மேலே சொன்னதற்கு நான் வைக்கும் ஒரே விலக்கு இது. அந்நியர் ஒருவர் உள்ளே வரும் கதவுக்கு அந்த வழி தேவையில்லை.

அடுத்தது எம்எஸ்கான்ஃபிக்கும் (விண்டோஸ் எழும் விதத்தை மாற்றும், அதனோடே வரும் கருவி) சர்வீசஸும் (திரையில் தெரியாமல் பின்னால் ஓடுபவை). எம்எஸ்கான்ஃபிக் விண்டோஸ் 98 காலத்திலிருந்து வருவதால் பழைய ஆட்கள் முதலில் இதைத்தான் சொல்வார்கள். ஆனால் ஸ்டார்ட்அப் வேலை இப்போது இதனிடம் இல்லை, டாஸ்க் மேனேஜருக்கே அனுப்பிவிடும். மிச்சம் இருப்பது சர்வீஸ்களை அணைப்பது. 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்பதை டிக் செய்யாமல் 'டிசேபிள் ஆல்' அழுத்தினால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் சேர்ந்து போகும். ஆடியோ போகும், பிரிண்டரும் போகும். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் ஆர்டி சர்வீஸை (கருவியை ஆதாரோடு பேச வைக்கும் மென்பொருள்) அணைத்துவிட்டால், கருவியில் விளக்கு எரிந்தாலும் கைரேகை பதியாது. அணைந்தது எது என்று வீட்டில் இருப்பவரால் கண்டுபிடிக்கவும் முடியாது.

அதே எம்எஸ்கான்ஃபிக்கில் 'பூட்' பகுதியில் பிராசஸர் எண்ணிக்கையை டிக் செய்தால் வேகம் கூடும் என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. அது தவறு. விண்டோஸ் வழக்கமாகவே பிராசஸரின் எல்லா கோர்களையும் (உள்ளே இருக்கும் தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்) பயன்படுத்துகிறது. அந்த டிக், சோதனைக்காகக் குறைத்து ஓட்டத்தான். ஏற்கெனவே டிக் செய்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

இதைவிட ஆழமாகப் போக வேண்டுமென்றால் ஆட்டோரன்ஸ். சிஸ்இன்டர்னல்ஸ் குழு செய்தது. 2006-இல் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை வாங்கிய பிறகு அவர்களே இலவசமாகக் கொடுக்கிறார்கள். இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம். ஸ்டார்ட்அப், சர்வீஸ், டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்), நேரம் குறித்து ஓடும் டாஸ்க் என்று தானாக எழும் அத்தனையையும் ஒரே இடத்தில் காட்டும். டாஸ்க் மேனேஜரில் அணைத்தும் மறுபடி மறுபடி வரும் ஒன்றைப் பிடிக்க இதைவிட நல்ல கருவி எனக்குத் தெரியாது. 'ஹைட் மைக்ரோசாஃப்ட் என்ட்ரீஸ்' போட்டுவிட்டுப் பாருங்கள். மஞ்சள் நிறத்தில் இருப்பவை, ஃபைலே இல்லாமல் பெயர் மட்டும் மிஞ்சியவை. டிக்கை எடுத்தால் அணையும், திரும்பப் போட்டால் வரும். டிலீட் கொடுத்தால் போனது போனதுதான். டிரைவர் பகுதியில் தெரியாமல் கைவைத்தால் மெஷின் எழாமலும் போகலாம். அதனால் தேடிப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பொறுமை உள்ளவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

சரி, பூஸ்டர், கிளீனர் என்று வருகிறவை? வேண்டாம். பேக்ரவுண்டில் ஓடுவதைக் குறைக்க பேக்ரவுண்டிலேயே ஓடும் இன்னொன்றை ஏற்றுகிறோம். 'ரேம் கிளீன்' என்று அவை செய்வது பெரும்பாலும் புரோகிராம்களை ரேமிலிருந்து டிஸ்க்குக்குத் தள்ளுவது. எண் அழகாகக் குறையும், அடுத்த கிளிக்கில் டிஸ்க்கிலிருந்து திரும்ப எடுக்க வேண்டியிருப்பதால் இன்னும் மெதுவாகும். பெரிய பெயர் என்றும் நம்பிவிட முடியாது. 2017-இல் சிசிகிளீனரின் 5.33 பதிப்பில் ஹேக்கர்கள் தீம்பொருளைச் செருகிவிட, அது அதிகாரப்பூர்வ டவுன்லோட் வழியாகவே பல லட்சம் கம்ப்யூட்டர்களுக்குப் போனது. இந்த பூஸ்டர்கள் எதை மாற்றின என்பதும் நமக்குத் தெரியாது, எப்படித் திருப்புவது என்பதும் தெரியாது. விண்டோஸோடு வரும் வேண்டாத ஆப்களை மொத்தமாக நீக்கும் 'டீபுளோட்' ஸ்கிரிப்ட்களுக்கும் இதே பதில்.

போன் ஹாட்ஸ்பாட்டில் கம்ப்யூட்டர் ஓட்டுகிறவர்கள் பலரும் அறியாத வழி ஒன்று உண்டு. வைஃபை செட்டிங்ஸில் அந்த இணைப்பை 'மீட்டர்ட்' (டேட்டாவுக்கு அளவு உண்டு) என்று மாற்றிவிடுங்கள். விண்டோஸ் அப்டேட்டின் பெரும்பாலான டவுன்லோட்கள் காத்திருக்கும், ஒன்டிரைவும் சிங்க் செய்வதை நிறுத்தி வைக்கும். தினமும் 2 ஜிபி பிளானில் இருப்பவர்களுக்கு மத்தியானமே டேட்டா தீர்ந்துபோவது நிற்கும். எதையும் அணைக்கவில்லை, ஒரு சுவிட்ச்தான். வாரத்துக்கு ஒருநாள் மீட்டர்டை ஆஃப் செய்துவிட்டு அப்டேட் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அப்டேட்டையே நிரந்தரமாக நிறுத்துவது ஆபத்து.

இவ்வளவும் செய்து, டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தை விட்டு இறங்கவில்லை என்றால் சிஸ்மெயின் சர்வீஸை (அடிக்கடி திறப்பதை முன்கூட்டியே ரேமில் ஏற்றி வைப்பது) ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், சில மெஷின்களில் பலன் தெரியும். தெரியாவிட்டால் அதைப் பழையபடி ஓடவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். அதற்கு மேல் எந்தப் புரோகிராமை அணைத்தும் அந்த வேகம் கிடைக்காது.