இங்கிலாந்தின் தொழிற்பழகுநர் சேவை: பயன்படுத்திப் பார்த்த ஒரு பெற்றோரின் மதிப்பீடு

இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பை முடிக்கும் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தைத் தவிர வேறு பாதை உண்டா என்று தேடத் தொடங்கும் பெற்றோர் விரைவிலேயே வந்து சேரும் இடம், வேலை செய்து ஊதியம் பெற்றபடியே தொழில் கற்கும் தொழிற்பழகுநர்களுக்காக அரசு நடத்தும் வாய்ப்புத் தேடல் தளம். என் மகளுக்காக ஏறத்தாழ ஓராண்டு அந்தத் தளத்தில் தேடினோம். 2023 செப்டம்பரில் அவள் மூன்றாம் நிலைப் பயிற்சி ஒன்றில் சேர்ந்து, 2025இல் இறுதி மதிப்பீட்டையும் முடித்துவிட்டாள். எனவே தேடல் தளத்தை மட்டுமன்றி, அதன் பின்னால் அரசு அமைத்திருக்கும் முழு ஏற்பாட்டையும் ஒரு சேவையாகக் கருதியே இங்கு மதிப்பிடுகிறேன். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் ஏற்பாடுகள் தனி. அவற்றை நான் அறியேன்.

தளத்தைக் குறை சொல்ல அதிகமில்லை. ஒவ்வொரு விளம்பரத்திலும் ஊதியம், வார வேலை நேரம், பயிற்சியின் நிலை, தொடங்கும் நாள், விண்ணப்பிக்கக் கடைசி நாள் ஆகியவை தெளிவாக இருக்கின்றன. வீட்டிலிருந்து எவ்வளவு தொலைவு என்று பார்த்து வரிசைப்படுத்தவும் முடிகிறது. இரண்டாம் நிலை என்பது பதினாறு வயதில் எழுதும் தேர்வுகளுக்கும், மூன்றாம் நிலை பதினெட்டு வயதில் எழுதும் ஏ லெவலுக்கும், ஆறாம் நிலை இளங்கலைப் பட்டத்துக்கும் இணையானது. பயிற்சிக்குப் பழகுநர் ஒரு பவுண்டுகூடக் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை என்பதும், முதல் நாளிலிருந்தே அவர் ஒப்பந்தமும் விடுப்பும் உள்ள ஊழியர் என்பதும் இந்தச் சேவையின் மிகப் பெரிய சிறப்புகள். கல்விக் கடனோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் இதன் மதிப்பு உடனே விளங்கும்.

ஆனால் கடை எவ்வளவு அழகாக இருந்தாலும் அலமாரியில் சரக்கு இருக்க வேண்டுமல்லவா? 2015 முதல் 2020 வரை முப்பது லட்சம் பேரைப் பயிற்சியில் சேர்ப்பதாக அரசு இலக்கு வைத்தது, அது நிறைவேறவில்லை. 2015-16 கல்வியாண்டில் இங்கிலாந்தில் ஐந்து லட்சத்துக்குச் சற்று அதிகமானோர் புதிதாகச் சேர்ந்தார்கள். 2023-24இல் அந்த எண்ணிக்கை சுமார் 3,40,000. அந்த 3,40,000 பேரில் 19 வயதுக்குக் குறைந்தவர்கள் கால் பங்குக்கும் கீழே. ஏறத்தாழப் பாதிப் பேர் 25 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கான வழி என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கும் ஒன்றில் பிள்ளைகளே சிறுபான்மையினர் என்பது, தேடத் தொடங்கிய சில மாதங்களுக்குப் பிறகே எனக்குப் புரிந்தது.

இதற்கான காரணத்தைத் தேடினால், பணம் எந்த வழியாகப் பாய்கிறது என்பதில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. 2017 ஏப்ரல் முதல், ஆண்டுச் சம்பளச் செலவு முப்பது லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள், தாண்டிய தொகையில் 0.5 சதவீதத்தைத் தொழிற்பழகுநர் வரியாகச் செலுத்துகின்றன. அந்தப் பணம் நிறுவனத்தின் பெயரிலேயே ஓர் இணையக் கணக்கில் வைக்கப்படும். பயிற்சிக்கும் மதிப்பீட்டுக்கும் மட்டுமே அதைச் செலவிடலாம், ஊதியம் கொடுக்கப் பயன்படுத்தக் கூடாது. 24 மாதங்களுக்குள் செலவழிக்காவிட்டால் அது காலாவதியாகும் என்றே விதி வகுக்கப்பட்டது. இந்த நிபந்தனைகளை ஒரு நிதி மேலாளரின் இருக்கையில் அமர்ந்து பார்த்தால், புதிதாக ஒரு பதினெட்டு வயதுக்காரரை எடுத்து அவருக்குச் சம்பளமும் கொடுத்து, அருகிலிருந்து கற்றுக்கொடுக்கவும் ஆள் ஒதுக்குவதைவிட, ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் மேலாளரை உயர்நிலைப் பயிற்சி ஒன்றில் சேர்த்துக் கணக்கைத் தீர்ப்பதே சுலபம். விதிகளும் அதை அனுமதிக்கின்றன. இந்தச் சேவையின் வாடிக்கையாளர் நிறுவனமே; இளைஞர் கடைக்கு வெளியே வரிசையில் நிற்பவர். எங்களுக்கே அப்படி ஒன்று நேர்ந்தது: இரண்டு சுற்று நேர்காணலுக்கு அழைத்த ஒரு நிறுவனம், கடைசியில் தன்னிடம் ஏற்கெனவே வேலை பார்த்தவருக்கே அந்த இடத்தைக் கொடுத்துவிட்டதாகத் தெரிவித்தது. விதியை அவர்கள் மீறவில்லை என்பதுதான் எனக்கு அதிக வருத்தம் தந்தது.

சிறு நிறுவனங்களின் நிலை வேறு. வரி செலுத்தாத அவற்றுக்குப் பயிற்சிச் செலவில் 95 சதவீதத்தை அரசே ஏற்றது. 2024 ஏப்ரல் முதல் 22 வயதுக்குட்பட்டவர்களுக்கு முழுச் செலவையும் ஏற்கிறது. இது நல்ல திருத்தம். என் மகளுக்கு இடம் கொடுத்ததும் இருபது பேருக்கும் குறைவாக வேலை செய்யும் ஓர் அலுவலகமே.

தரத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2012ஆம் ஆண்டு பயிற்சிக் காலம் குறைந்தது 12 மாதங்கள் இருக்க வேண்டும் என்ற விதி வந்தது; அதே ஆண்டு தொழில்முனைவோர் டக் ரிச்சர்ட் அளித்த அறிக்கை, ஒருவர் பயிற்சியின் முடிவில் என்ன செய்ய வல்லவராக இருக்கிறார் என்பதையே அளவுகோலாக்க வேண்டும் என்றது. அதன்படி நிறுவனங்கள் சேர்ந்து வகுத்த தரநிலைகளும், பயிற்சி கொடுத்தவரைச் சாராத இறுதி மதிப்பீடும் நடைமுறைக்கு வந்தன. காகிதத்தில் இது சிறந்த ஏற்பாடு. என் மகள் எழுதிய இறுதி மதிப்பீடும் கண்டிப்பாகவே நடந்தது. சிக்கல் அதற்கு முன்னால் இருக்கிறது. 2022-23இல் பயிற்சியை வெற்றிகரமாக முடித்தோர் விகிதம் சுமார் 54 சதவீதம்; அடுத்த ஆண்டு 60 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது; அரசு தனக்கு வைத்துக்கொண்ட இலக்கோ 67 சதவீதம். பத்துப் பேர் ஏறினால் நான்கு பேர் பாதி வழியில் இறங்கிவிடும் பேருந்தை நாம் நல்ல பேருந்து என்று சொல்வோமா?

என் மகள் இறங்காததற்கு அவளுடைய பிடிவாதமே காரணம். வாரத்துக்கு ஆறு மணி நேரம் வேலையை விட்டு விலகிப் படிக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. அலுவலகத்தில் வேலை குவிந்த வாரங்களில் அந்த ஆறு மணி நேரம் பதிவேட்டில் இருந்ததே தவிர நாட்காட்டியில் இல்லை. பயிற்சி நிறுவனத்தில் அவளுக்கு நியமிக்கப்பட்ட பயிற்றுநர் மூன்று முறை மாறினார். ஒவ்வொரு முறையும் அவள் தன் முன்னேற்றத்தை முதலிலிருந்து விளக்க வேண்டியிருந்தது. கல்வித் தர ஆய்வமைப்பான ஆஃப்ஸ்டெட் 2021 முதல் எல்லா நிலைப் பயிற்சிகளையும் ஆய்வு செய்கிறது என்பது உண்மை. ஆயினும் அது மதிப்பெண் இடுவது பயிற்சி நிறுவனத்துக்கு. வாரத்தின் பெரும்பகுதியைப் பழகுநர் கழிக்கும் பணியிடத்துக்கு அப்படி ஒரு மதிப்பெண் கிடையாது. தரத்தைக் கண்காணிப்பதில் அரசு விட்டிருக்கும் மிகப் பெரிய இடைவெளி இதுவே என்பது என் கருத்து.

ஊதியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2025 ஏப்ரலில் பழகுநருக்கான குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.55 பவுண்டாக இருந்தது, 21 வயது நிரம்பிய பிற ஊழியர்களுக்கு அது 12.21 பவுண்டு. இதைவிடக் கவனிக்க வேண்டியது, பிள்ளை ஏ லெவல் படித்தால் தொடரும் குழந்தைகள் உதவித்தொகை, தொழிற்பழகுநரானவுடன் நின்றுவிடுகிறது என்பது. குறைந்த வருமானமுள்ள வீட்டில் பதினாறு வயதுப் பிள்ளையின் முடிவை இந்த ஒரு விதியே மாற்றிவிடக்கூடும். இரண்டு பாதைகளும் சமம் என்று மேடையில் பேசும் அரசு, பணம் கொடுக்கும் இடத்தில் ஏன் வேறுபடுத்துகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

அண்மை மாற்றங்கள் கலவையானவை. 2025இல் தரநிலைகளின் பொறுப்பு ஸ்கில்ஸ் இங்லண்ட் என்ற புதிய அமைப்புக்கு மாறியது. அதே ஆண்டு ஆகஸ்டு முதல் குறைந்தபட்சக் காலம் எட்டு மாதங்களாகக் குறைக்கப்பட்டது. குறுகிய பயிற்சிகளால் ஏற்பட்ட அவப்பெயரைப் போக்கவே 12 மாத விதி வந்தது என்பதை நினைத்தால் இது கவலை தருகிறது. முதுகலைக்கு இணையான ஏழாம் நிலைப் பயிற்சிக்கான நிதியை, ஒரு சில விலக்குகள் நீங்கலாக, 2026 ஜனவரி முதல் 22 வயதுக்குட்பட்டோருக்கு மட்டுமே வழங்கும் முடிவு, அலமாரியில் இளைஞர்களுக்கு இடம் விடும் முயற்சி என்பதால் அதை வரவேற்கிறேன்.

தேடல் தளத்துக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். இறுதி மதிப்பீட்டுக்கும் நான்கு. வாய்ப்புகளின் எண்ணிக்கைக்கும் பணியிடக் கண்காணிப்புக்கும் இரண்டுக்கு மேல் தர மனம் வரவில்லை. என் இளைய மகனும் அடுத்த ஆண்டு இதே தளத்தில் தேடப்போகிறான். இம்முறை நேர்காணலின் முடிவில் இரண்டு கேள்விகளைக் கேட்கும்படி சொல்லியிருக்கிறேன்: படிப்புக்கான நேரம் வாரத்தின் எந்த நாளில், இதற்கு முன் இங்கே சேர்ந்த பழகுநர்களில் எத்தனை பேர் முடித்தார்கள்.