ரேம் வாங்கும் முன் போர்டைப் பாருங்கள்

வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் அரசினர் தோட்டம். இறங்கிக் கொஞ்சம் நடந்தால் கம்ப்யூட்டர் பார்ட்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட். கேமிங் பிசி அசெம்பிள் பண்ணக் கிளம்பும் வடசென்னைப் பையன்கள் பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு எல்லாம் யூட்யூப் பார்த்து முடிவு பண்ணிவிட்டுத்தான் போகிறார்கள். ரேம் மட்டும் "கடையில போய்ப் பாத்துக்கலாம்" என்று நிற்கும். 2025 கடைசி வரை அது பெரிய தப்பில்லை. இப்போது பில்லில் ரேம் என்ற அந்த ஒரு வரிதான் மொத்த பட்ஜெட்டையும் கடிக்கிறது.

காரணம் ரிச்சி ஸ்ட்ரீட்டில் இல்லை. ரேமுக்குள் இருக்கும் டிராம் சிப்பில் உலக அளவில் பெரும்பங்கைச் செய்வது சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று கம்பெனிகள். மூன்றும் ஏஐ சர்வர்களுக்கு வேண்டிய மெமரி பக்கம் சாய்ந்துவிட்டதால் நம் பக்கம் வரும் சரக்கு குறைந்து விலை எகிறியது. 2025 டிசம்பரில் மைக்ரான், க்ரூஷியல் என்ற பெயரில் நமக்கெல்லாம் விற்றுவந்த ரேம், எஸ்எஸ்டி வியாபாரத்தை விட்டே விலகுவதாக அறிவித்தது. அதனால் இங்கே ரேட் எழுதப்போவதில்லை. எழுதிய மை காய்வதற்குள் மாறிவிடும். எதற்கு எது போதும், எதற்குக் கூடுதல் காசு வீண் என்பதை மட்டும் பார்க்கலாம்.

டிடிஆர்4, டிடிஆர்5

இவை ரேமின் இரண்டு தலைமுறைகள். எது வேண்டும் என்பதை ரேம் கடையில் முடிவு பண்ண முடியாது. நீங்கள் எடுத்த மதர்போர்டு ஏற்கெனவே முடிவு பண்ணிவிட்டது. ஏஎம்டியின் ரைசன் 5000 பிராசஸர், அது உட்காரும் ஏஎம்4 சாக்கெட் என்றால் டிடிஆர்4 மட்டும்தான். ரைசன் 7000, 9000 எல்லாம் ஏஎம்5. அதில் டிடிஆர்5 மட்டும்தான். இன்டெல்லில்தான் குழப்பம். 12, 13, 14-ஆம் தலைமுறைக்கு இரண்டு வகை போர்டும் உண்டு. ஒரே பி760 சிப்செட்டில் ஒரு போர்டு டிடிஆர்4 கேட்கும், இன்னொன்று டிடிஆர்5 கேட்கும். கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு வந்துவிட்டால் மறுபடி டிடிஆர்5 மட்டும். இரண்டு ரேமுக்கும் 288 பின், பார்க்க ஒரே நீளம். நடுவில் இருக்கும் வெட்டு மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஸ்லாட்டில் உட்காரவில்லை என்றால் கட்டைவிரலால் அழுத்திப் பலப்பரீட்சை வேண்டாம். பில்லோடு திரும்பப் போங்கள்.

ஸ்பீடு என்று வந்தால், 3200 வேக டிடிஆர்4 ரேம் இரண்டு ஸ்டிக் (பலகை) சேர்ந்து நொடிக்கு 51.2 ஜிபி கடத்தும். டிடிஆர்5 6000 அதே இரண்டு ஸ்டிக்கில் 96 ஜிபி. ஏறக்குறைய இரட்டிப்பு. ஆனால் பெட்டியில் இன்னொரு எண் இருக்கும், சிஎல். கேட்ட தகவல் வர எவ்வளவு நேரம் என்பதை அதை வைத்துக் கணக்குப் போடலாம்: சிஎல் எண்ணை 2000-ஆல் பெருக்கி ஸ்பீடால் வகுத்தால் நானோ செகண்ட் வந்துவிடும். டிடிஆர்4 3200 சிஎல்16-க்குப் 10 நானோ செகண்ட். டிடிஆர்5 6000 சிஎல்30-க்கும் அதே 10. "இருக்கறதுலயே சீப்பா ஒரு டிடிஆர்5 குடுங்க" என்று கேட்டால் 5200 சிஎல்40 கையில் வரும். அதற்குக் கணக்குப் போட்டால் 15-ஐத் தாண்டும். டிடிஆர்5 என்ற பெயர் மட்டுமே வேகம் கொடுத்துவிடாது.

என் தீர்ப்பு இது. வீட்டில் ஏற்கெனவே ஏஎம்4 போர்டும் டிடிஆர்4 ரேமும் இருந்தால் அதைக் கலைக்காதீர்கள். அந்தக் காசை கிராபிக்ஸ் கார்டில் போடுங்கள். வேலரன்டுக்கும் ஜிடிஏ 5-க்கும் ரைசன் 5600 இன்றும் போதும். ஒன்றுமே இல்லாமல் புதிதாக ஆரம்பிக்கிறவர், கை தாங்கினால், ஏஎம்5 பக்கம் போகலாம். 2027 வரையிலும் அதற்குப் பிறகும் அந்த சாக்கெட்டுக்கு ஆதரவு உண்டு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. நாளைக்கு பிராசஸர் மட்டும் மாற்றினால் போதும், இன்று வாங்கிய ரேம் அப்படியே ஓடும். கை தாங்காதவருக்கு செகண்ட் ஹேண்ட் ஏஎம்4 ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஒரே ஸ்டிக், இரண்டு ஸ்டிக்

"ண்ணா, இப்ப ஒரே பதினாறு போட்டுக்கறேன். தீபாவளிக்கு இன்னொன்னு வாங்கிக்கலாம்ல?" இந்தக் கேள்வியை நம் ஏரியாவில் கேட்காத பையன் கிடையாது. விலை இருக்கிற இருப்பில் நியாயமான கேள்விதான். பதில் டிடிஆர்4-க்கு ஒன்று, டிடிஆர்5-க்கு வேறு.

டிடிஆர்4 என்றால் யோசிக்கவே வேண்டாம், இரண்டு 8 ஜிபி. ஒரே ஸ்டிக்கில் நொடிக்கு 51.2 ஜிபி என்பது பாதியாகி 25.6 ஆகிவிடும். சராசரி எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம்) பார்த்தால் பெரிய அடி தெரியாமல் போகலாம். ஆனால் கேமில் ஸ்மோக் (புகை) போட்டு நாலு பேர் ஒரே இடத்தில் சுடும்போது ஒரு நொடி திக்கித் திரும்பும் பாருங்கள், அங்கே தெரியும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் 5600ஜி, 8600ஜி மாதிரி பிராசஸரில் ஓட்டுகிறவர்களுக்கு ஒற்றை ஸ்டிக் ஆகவே ஆகாது. அவர்களுக்கு ரேம்தான் கிராபிக்ஸ் மெமரியும். பாதை பாதியானால் கேமும் படுத்துவிடும்.

டிடிஆர்5-இல் கடைக்காரர் ஒரு வசனம் வைத்திருப்பார்: "இது ஒன்னே டூயல் சேனல்தான் தம்பி." டூயல் சேனல் என்றால் இரட்டைப் பாதை. அவர் சொல்வது பாதி உண்மை. ஒரு டிடிஆர்5 ஸ்டிக்குள் 32 பிட் பாதை இரண்டு இருக்கிறது. கூட்டினால் 64 பிட். டிடிஆர்4 ஒற்றை ஸ்டிக்கின் அகலமும் அதே 64 தான். இரண்டு ஸ்டிக் போட்டால்தான் 128.

அப்படியானால் இதிலும் இரண்டு 8 ஜிபி என்று சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். 8 ஜிபி டிடிஆர்5 ஸ்டிக்குகளில் பொதுவாக நாலு சிப்தான் இருக்கும். 16 ஜிபி ஸ்டிக்கில் எட்டு. நாலு சிப் வகையில் உள்ளே ஒரே நேரத்தில் வேலை செய்யும் பேங்க் குரூப் என்ற பகுதிகள் பாதி, அதனால் அதே 6000 என்று எழுதியிருந்தாலும் கொஞ்சம் பின்தங்கும். இரண்டே ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டையும் 8 ஜிபியால் அடைத்துவிட்டால் நாளைக்கு 32 போக இரண்டையும் கழற்றி விற்க வேண்டும். தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர் டிடிஆர்5-இல் ஒரு 16 ஜிபி போட்டுச் சில மாதம் ஓட்டி, பிறகு அதே மாடல் நம்பரில் இன்னொன்று சேர்ப்பது இன்றைய விலையில் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு ரிஸ்க் உண்டு. மாடல் நம்பர் ஒன்றாக இருந்தும் உள்ளே சிப் வேறாக வந்தால் 6000-இல் நிற்காமல் இறங்கி ஓட வேண்டிவரும். அந்தத் தலைவலி வேண்டாம் என்றால் இரண்டு 16 சேர்ந்த கிட்டாக ஒரே பெட்டியில் வாங்குங்கள்.

நாலு ஸ்லாட் இருக்கிறதே என்று நாலையும் நிரப்புவது இதைவிட மோசம். ரைசன் 7000-இல் இரண்டு ஸ்டிக்குக்கு ஏஎம்டி அதிகாரபூர்வமாகச் சொல்லும் வேகம் 5200, நாலு ஸ்டிக்குக்கு 3600.

16, 32

எஃப்பிஎஸ் ஏறும் என்று 32 ஜிபி வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள். நிரம்பாத ரேம் எதையும் வேகப்படுத்தாது. சைபர்பங்க் 2077-க்குப் பரிந்துரையே 16 தான். ஹாக்வார்ட்ஸ் லெகசி அல்ட்ராவில் 32 கேட்கும், மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் 2024 பரிந்துரையிலேயே 32 கேட்கும். வேலரன்டு, சிஎஸ்2 மட்டும் ஆடுகிறவர் 16-இல் நிம்மதியாக இருக்கலாம். கேம் ஓடும்போதே ஓபிஎஸ்ஸில் ஸ்ட்ரீம், பின்னால் குரோமில் இருபது டேப் என்றால் 32. சந்தேகமாக இருந்தால் நண்பன் வீட்டில் அதே கேமை ஓடவிட்டு டாஸ்க் மேனேஜரில் மெமரி எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள்.

6000, 7200

ஏஎம்5 ரைசனுக்கு 6000 வேகம் போதும். அதுவரை பிராசஸருக்குள் ரேமைக் கவனிக்கும் மெமரி கன்ட்ரோலர் ரேமோடு சரிசமமாக ஓடும். அதற்கு மேலே கொஞ்ச தூரம் போனால் பாதி வேகத்துக்கு இறங்கிவிடும். 7200 வாங்கிப் போட்டுவிட்டு "ஏன் ஏறலை" என்று கேட்பதில் பயனில்லை. 7800எக்ஸ்3டி மாதிரி 96 எம்பி கேஷ் (உள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) உள்ள பிராசஸர் என்றால் சிஎல்30-க்கும் சிஎல்36-க்கும் நடுவில் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் பெரிதாக இருக்காது. மலிவாக இருப்பதை எடுங்கள்.

ஆர்ஜிபி வண்ண விளக்கு போட்ட ரேம் வேண்டுமா? மண்டப வாசலில் சீரியல் செட் தொங்குகிற மாதிரி கேபினெட் மின்ன வேண்டும் என்றால் உங்கள் விருப்பம். ரேமில் உயரமான ஹீட் ஸ்ப்ரெடர் (சூடு தணிக்கும் தகடு) இருந்தால் பிராசஸரின் டவர் கூலர் ஃபேனில் இடிக்கும். ஃபேனை மேலே ஏற்றினால் சைடு கண்ணாடி மூடாது. சாதா தகடு போட்ட குட்டை ஸ்டிக் நம் ஊர் வெயிலுக்கும் தாங்கும்.

செகண்ட் ஹேண்ட் டிடிஆர்4 வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் உப்புக் காற்றில் கிடந்த சிஸ்டத்திலிருந்து வந்த ஸ்டிக் என்றால் பின்கள் மங்கிப் படிந்திருக்கும். சாதாரண பென்சில் ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டுப் போட்டால் செத்ததாக நினைத்த ஸ்டிக் பல நேரம் எழுந்து உட்காரும். கடையிலேயே சிபியு-இசட் என்ற சாஃப்ட்வேரில், ரேமின் விவரம் காட்டும் எஸ்பிடி பக்கத்தைத் திறந்து ஸ்டிக்கரில் உள்ள பார்ட் நம்பரோடு ஒத்துப்பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 ஒரு ராத்திரி முழுக்க ஓடட்டும், கரன்ட் ஒத்துழைத்தால்.

மாட்டும்போது, நாலு ஸ்லாட் போர்டில் பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நாலாவதும். ஏஎம்5-இல் முதல் தடவை ஆன் பண்ணியதும் திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கலாம். ரேமை அளவெடுத்துக்கொண்டிருக்கிறது, பதறி சுவிட்சை அணைக்காதீர்கள். பிறகு பயாஸுக்குள் (போர்டின் செட்டிங்ஸ் திரை) போய், பெட்டியில் எழுதிய வேகத்தில் ரேமை ஓட்டும் எக்ஸ்போ, இன்டெல் என்றால் எக்ஸ்எம்பி, ஆன் பண்ணுங்கள். பண்ணாவிட்டால் 6000-க்குக் காசு கொடுத்துவிட்டு 4800-இல் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். ஆன் பண்ணிய பிறகு டாஸ்க் மேனேஜர் 6000 காட்டும், சிபியு-இசட் 3000 என்று காட்டும். இரண்டும் சரி, ஒரு துடிப்புக்கு இரண்டு தடவை தகவல் போகிறது, சிபியு-இசட் துடிப்பை மட்டும் எண்ணுகிறது. பாதி ரேம்தான் கொடுத்தான் என்று கடைக்காரரிடம் சண்டைக்குக் கிளம்ப வேண்டாம்.