டி-பக்கெட் கிட்: மூன்றாம் வருடத்தில் தெரியவரும் குறைகளும் அவற்றின் காரணமும்

பாகங்களாக வாங்கி நாமே கூட்டும், பழைய ஃபோர்டு வடிவத் திறந்த காரான டி-பக்கெட் கிட்டின் தரம் பெயின்ட் பளபளப்பில் தெரியாது. இரண்டு மூன்று வருடம் ஓடிய பிறகுதான் தெரியும். ஸ்டியரிங் நடுக்கம், மணிக்கு 50 மைலைத் தாண்டினால் இருக்கைக்கு அடியில் அதிர்வு, பாடியில் நட்சத்திர விரிசல், இன்ஜின் சூடானதும் எடுக்காத செல்ஃப்: நீண்ட நாள் ஓட்டத்தில் திரும்பத் திரும்ப வரும் குறைகள் இவை. கிட்டுக்குக் கொடுத்த விலையைவிட இவற்றைத் தீர்மானிப்பது வேறொன்று. பெயின்டுக்கு முன்னால் வண்டியை முழுதாக ஒருமுறை கூட்டி, எடை ஏற்றி, அளந்து பார்த்துவிட்டுப் பிரித்தார்களா என்பதுதான் அது.

இங்கே பேசுவது அமெரிக்காவில் பரவலாகக் கட்டப்படும் அமைப்பைப் பற்றி. 1923 ஃபோர்டு மாடல் டி வடிவில் ஃபைபர்கிளாஸ் பாடி, செவ்வகக் குழாய் சேசிஸ், முன்னால் குழாய் ஆக்சிலும் ஒரே ஒரு குறுக்குக் கமான் பட்டையும், செவர்லே 350 வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், ஃபோர்டு 9 அங்குலப் பின் ஆக்சில். 1950-களில் நடிகர் நார்ம் கிராபவ்ஸ்கி கட்டிய வண்டியின் சாயல் இன்றைய கிட்களிலும் இருக்கிறது.

முதலில் மூலைக்கு மூலை அளவு. சேசிஸின் இரண்டு குறுக்களவுகளும் 1/8 அங்குலத்துக்கு மேல் வேறுபட்டால் அங்கேயே நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். பிறகு இன்ஜின், கியர்பாக்ஸ், பாடி, ஓடப்போகும் அதே டயர்கள் எல்லாவற்றையும் மாட்டி, இருக்கையில் ஆள் எடையையும் வைத்தபின்தான் கோணங்களை அளக்க வேண்டும். வார்ப்பிரும்பு 350 இன்ஜின் மட்டுமே 500 பவுண்டுக்கு மேல். அது ஏறாமல் அளந்த கோணம் எதற்கும் உதவாது.

முன் சக்கரக் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) 6 முதல் 7 டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) 1/16 முதல் 1/8 அங்குலம். இந்த அளவில் வண்டி நேராக ஓடும். பலர் தவறவிடுவது பிறகு நடக்கும் மாற்றத்தை. ஒரு வருடம் கழித்து அழகுக்காகப் பின் டயரைப் பெரிதாக்கினால் வண்டி முன்னோக்கிச் சாயும், காஸ்டரும் அந்த அளவுக்குக் குறையும். நன்றாக ஓடிய வண்டி திடீரென்று ஸ்டியரிங்கை உதறத் தொடங்கினால், இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் டை ராட் முனைகளில் ஆட்டம் பார்ப்பதோடு காஸ்டரையும் மறுபடி அளக்க வேண்டும்.

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் பினியன் (பின் ஆக்சிலுக்குள் ஷாஃப்ட் நுழையும் பல்சக்கரம்) கோணம். கியர்பாக்ஸின் பின்முனை 3 டிகிரி கீழே சாய்ந்திருந்தால், பினியன் 3 டிகிரி மேலே பார்க்க வேண்டும். டி-பக்கெட்டின் புரொப்பெல்லர் ஷாஃப்ட் மிகக் குட்டை. உயரத்தில் சிறிய வித்தியாசம் வந்தாலும் கோணம் வெகுவாக மாறி, ஷாஃப்ட் முனை மூட்டான யூ.ஜே. கிராஸ்தான் அடி வாங்கும்.

பழைய செவர்லே கோர்வேர் காரின் ஸ்டியரிங் பாக்ஸை அப்படியே மாட்டிவிடக் கூடாது. வலப்பக்கம் திருப்பினால் சக்கரம் இடப்பக்கம் போகும். உள்பாகத்தை மாற்றியமைத்த ரிவர்ஸ் பாக்ஸ்தான் வேண்டும்.

புது ஃபைபர்கிளாஸ் பாடிக்குப் பொறுமை தேவை. அச்சிலிருந்து ஒட்டிவந்த மெழுகை முதலில் கிரீஸ் நீக்கியால் துடைக்க வேண்டும். அதற்குமுன் எமரித் தாளை எடுத்தால் மெழுகு உள்ளே தேய்ந்து இறங்கும், பெயின்ட் பின்னால் உரியும். பாடியைச் சேசிஸில் மாட்டியே சில வாரம் வெயிலில் விட்டு முழுதாக இறுகவிட்டுப் பட்டி பார்ப்பது நல்லது. அவசரப்பட்டால் இழையின் நெசவு பெயின்டுக்கு மேல் தெரியவரும். நட்சத்திர விரிசல் பெரும்பாலும் போல்ட்டைச் சுற்றித்தான் வரும். ஒவ்வொரு போல்ட்டுக்கும் அடியில் ரப்பர் பட்டை, மேலே அகல வாஷர், அளவான முறுக்கு இருந்தால் போதும்.

ஃபைபர்கிளாஸ் மின்சாரம் கடத்தாது. விளக்கு, ஹார்ன், பெட்ரோல் மீட்டர் ஒவ்வொன்றுக்கும் சேசிஸுக்குத் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். இன்ஜினிலிருந்து சேசிஸுக்குத் தடித்த எர்த் பட்டையும் கட்டாயம். மர ஃப்ளோர்மேல் உட்கார்ந்த டேங்கில் எர்த் இல்லாததால்தான் மீட்டர் தப்பாகக் காட்டுகிறது. மீட்டரைக் குறைசொல்லிப் பயனில்லை. செல்ஃப் கதையும் இதை ஒட்டியதே. பேட்டரி பின்னால், கேபிள் மெல்லியது, பக்கத்தில் எக்ஸாஸ்ட் ஹெடர் (புகைக் குழாய்) சூடு. தடித்த கேபிள், செல்ஃபை இயக்கும் சோலினாய்டுக்கு வெப்பக் கவசம் இரண்டும் சேர்ந்தால் தொல்லை தீரும். ஹெடர் அருகே நைலான் பூட்டு நட்டு போடவே கூடாது. நைலான் உருகிவிடும். முழு உலோகப் பூட்டு நட்டுதான் நிற்கும்.

பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஃப்ளோருக்கு அடியில், சக்கரத்திலுள்ள பிரேக் காலிப்பரைவிடத் தாழ இருந்தால் டிஸ்க் லைனில் 2 பி.எஸ்.ஐ., டிரம் லைனில் 10 பி.எஸ்.ஐ. ரெசிடுவல் வால்வு (லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைப்பது) வேண்டும். இல்லையென்றால் கொஞ்ச நேரம் நின்ற வண்டியில் முதல் மிதி வெறுமையாக இறங்கும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் டார்க் கன்வெர்ட்டரை முழுதாக உள்ளே உட்காரவைத்து, இன்ஜினோடு சுழலும் தட்டான ஃப்ளெக்ஸ்பிளேட்டுக்கும் அதற்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குல இடைவெளியைப் பார்த்த பிறகுதான் கியர்பாக்ஸை இன்ஜினோடு சேர்க்கும் பெல்ஹவுசிங் போல்ட்டை முறுக்க வேண்டும். வலுக்கட்டாயமாக இழுத்து முறுக்கினால் கியர்பாக்ஸ் பம்ப் உடையும். ஃப்ளாட் டாப்பெட் கேம் (உருளையில்லாத தட்டை டாப்பெட் உரசும் கேம்) உள்ள புது இன்ஜின் முதன்முதலில் உயிர்பெற்றதும் 20 நிமிடம் 2,000 ஆர்.பி.எம்.மிற்குமேல் ஓட வேண்டும், ஐடிலில் விடக்கூடாது.

கலிபோர்னியாவில் இப்படித் தனியாகக் கட்டிய வண்டிகளைப் புகைச் சோதனைச் சலுகையோடு பதிவுசெய்ய, எஸ்.பி. 100 சட்டப்படி வருடத்துக்கு 500 வண்டிகளுக்கு மட்டுமே இடம் உண்டு, முந்தியவருக்கே முன்னுரிமை. பாகங்களின் பில் ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்த வேண்டும்.

வருடம் ஒருமுறை தவறாமல் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. குழாய் ஆக்சில், ஐ-பீம் (I வடிவ) ஆக்சில் போல முறுக்கத்துக்கு இசைந்துகொடுக்காது. ஆக்சிலைச் சேசிஸோடு பிணைக்கும், கொண்டையூசி வடிவ ஹேர்பின் ராடுகளோடு மாட்டியிருந்தால், ஒரு சக்கரம் மேடேறும்போது அந்த விசை முழுவதும் பிராக்கெட் வெல்டுகள் மீது விழுகிறது. வெல்டு ஓரத்தைத் துணியால் துடைத்து, டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். மயிரிழைக் கீறல் தெரிந்தால், வண்டியை அன்றே ஜாக்கில் ஏற்றிவிடுங்கள்.